அத்தை கண் திறந்த படம்

எங்கள் குடும்பத்தில் ஒரு கல்யாணத்தை நான்தான் முடித்து வைத்தேன். அப்போது எனக்கு எட்டு வயது. இதை வெகுகாலம் பார்ப்பவர்களிடமெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

மலாயாவில் காட்டுக்குள் ஒளிந்திருந்த கம்யூனிஸ்டுகளைப் பிடிக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அவசரகாலம் அது. மஸ்ஜித் தானாவிலிருந்து உள்ளே தள்ளியிருந்த எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். வெளியாள் உள்ளே வர அனுமதிச் சீட்டு வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள். இப்படிப்பட்ட இடத்துக்குப் பெண் பார்க்க யார் வருவார்கள்? அப்பாவின் தங்கைக்குச் சிகாமட்டிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தபோது, மாப்பிள்ளை வீட்டார் நேரில் வரத் துணியவில்லை. பெண்ணின் படத்தை அனுப்புங்கள், பிடித்திருந்தால் வெற்றிலை பாக்கு மாற்றிக்கொள்ளலாம் என்று எழுதிவிட்டார்கள். ஆக, அத்தையின் கல்யாணம் ஒரு படத்தில் வந்து நின்றது.

அத்தையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குக் காது மந்தம் என்பது அம்மாவின் தீர்மானம். நான்கு தடவை கூப்பிட்டாலும் நிமிர மாட்டாள். ஆனால் காலையில் குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது சைக்கிள் மணி கேட்டால் போதும், தலை சட்டென்று நிமிரும். கண் இரண்டும் அகல விரியும். அது டிரஸர் அண்ணனின் சைக்கிள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கலந்து கொடுப்பவரை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். தொழிலாளர் வீட்டு வரிசைகளான லயங்களுக்கெல்லாம் வந்து மலேரியா மாத்திரை கொடுப்பார். அந்தக் கசப்புக்குப் பயந்து பிள்ளைகளெல்லாம் ஓடி ஒளிவோம். அத்தை மட்டும் கையை நீட்டி வாங்கி, தண்ணீர்கூட இல்லாமல் விழுங்குவாள். அவள் தைரியத்தை நான் மெச்சியிருக்கிறேன்.

மூவாரில் சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போகிற வழியில், மலாக்காவில் இறங்கிப் படம் எடுத்துக்கொள்வது என்று முடிவாயிற்று. அம்மாவின் தம்பி எங்கிருந்தோ ஒரு பழைய காரை இரவல் வாங்கி ஓட்டி வந்தார். அம்மா ஒரு தூக்குச்சட்டி நிறைய வடை சுட்டு எடுத்துக்கொண்டாள். தோட்ட வாசலில் காவலுக்கு நின்ற மலாய்க்காரர் அதைத் திறந்து பார்த்தார். காட்டில் இருப்பவர்களுக்குப் போய்ச் சேர்ந்துவிடும் என்று சமைத்த பண்டம் எதையும் வெளியே விடக் கூடாது என்பது உத்தரவு. சோற்றுக்கு மட்டும்தான் அந்தச் சட்டம் என்று அம்மா நினைத்திருந்தாள்.

“மக்கான் சினி போலே. பாவா கெலுவார் தக் போலே லா,” என்றார் அவர்.

“இங்கயே தின்னுட்டுப் போகலாமாம் அக்கா. வெளிய கொண்டு போகத்தான் கூடாதாம் லா,” என்றார் மாமா.

வடையை விட்டுவிட்டுப் போக அம்மாவுக்கு மனம் வரவில்லை. வேலியோரம் வரிசையாக நின்று அத்தனையையும் தின்று தீர்த்தோம். காவல்காரருக்கும் நான்கு கொடுத்தோம். அத்தை ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். அதையும் நானே வாங்கித் தின்றேன்.

மலாக்காவில் ஸ்டூடியோ இருந்த தெருவே ஒரு வேடிக்கை. ஒரு கடையில் மரத்தில் சாமி செதுக்கினார்கள். அடுத்த கடையில் காகித விளக்குகளில் பூ எழுதினார்கள். எதிர்ப்புறம் சினிமாக் கொட்டகைக்குத் தட்டி வரைகிற சீனர் ஒருவர், கதாநாயகியின் பெரிய முகத்தைத் துணியில் எழுதி ரோட்டோரம் தரையில் விரித்துக் காயப்போட்டிருந்தார். மாமா காரைக் கொண்டுபோய் நிறுத்தியது சரியாக அவள் மூக்கின் மேல். ஓவியர் தூரிகையோடு ஓடி வந்தார். அப்பா கைகூப்பினார், மாமா டயரைப் பார்ப்பதுபோல் குனிந்துகொண்டார். ஓவியர் தலையைச் சாய்த்துச் சற்று நேரம் பார்த்தார். பிறகு டயர் தடம் பதிந்த இடத்தில் பெரியதாக ஒரு மூக்குத்தியை எழுதிவிட்டு, போ என்று கையசைத்தார்.

ஸ்டூடியோ மாடியில் இருந்தது. பின்னால் துணியில் வரைந்த கடல், பக்கத்தில் ஒரு மரத் தூண், இளவட்டங்கள் சாய்ந்து நின்று படம் எடுத்துக்கொள்ள ஒரு பளபளக்கும் சைக்கிள். எங்கள் போதாத காலம், அன்றைக்குப் படம் பிடிக்கும் கண்ணாடி பிளேட்டுகள் மூன்றுதான் மீதி இருந்தன. அத்தையைக் கடலுக்கு முன்னால் உட்காரவைத்தார்கள். விளக்கைப் போட்டார்கள். முதல் பிளேட்டில் அத்தை கண்ணை மூடிவிட்டாள். இரண்டாவதிலும் மூடிவிட்டாள்.

“மாத்தா, மாத்தா,” என்று ஸ்டூடியோக்காரர் தன் கண்ணையே தொட்டுக் காட்டினார்.

அப்பாவுக்கு வேர்த்துவிட்டது. மூவாருக்குப் போய் ஆறு மணிக்குள் வாசலுக்குத் திரும்ப வேண்டும். “கண்ணத் தொறந்து வச்சிக்க புள்ள. உன் நல்லதுக்குத்தானே எல்லாம்,” என்றார்.

“வெளிச்சம் கூசுதுண்ணே,” என்றாள் அத்தை. கூசத்தான் செய்திருக்கும், கண்ணில் தண்ணீர் நின்றது.

பெரியவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை, இனி நாம்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஸ்டூடியோக்காரர் கறுப்புத் துணிக்குள் தலையை விட்டுக்கொண்டு ஒரு கையைத் தூக்கினார். அத்தையின் இமை இறங்கியது. நான் நைசாக நகர்ந்து போய் அந்தச் சைக்கிள் மணியை அடித்தேன்.

அத்தையின் தலை சட்டென்று நிமிர்ந்தது. கண் இரண்டும் அகல விரிந்தன. முகமே மலர்ந்து போயிற்று. அந்த நொடியில் படம் விழுந்துவிட்டது.

பிறகுதான் அவள் மணியின் மேல் இருந்த என் கையைப் பார்த்தாள்.

“நீதானா,” என்றாள்.

“ஆமா அத்த, நான்தான்,” என்றேன்.

மாமா என்னைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டார். கீழே இறங்கியதும் எனக்குச் சிவப்புச் சர்பத் ஊற்றிய ஐஸ் கச்சாங் கிடைத்தது. அத்தை எதுவும் வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காரில் போய் உட்கார்ந்துகொண்டாள். மூவாரிலிருந்து திரும்பும்போது படத்தை வாங்கிக்கொண்டு, வாசல் அடைப்பதற்குக் கொஞ்ச நேரம் முன்னால் தோட்டத்துக்குள் நுழைந்தோம். படம் மறுநாள் சிகாமட்டுக்குப் போயிற்று. பதில் உடனே வந்தது. பெண்ணின் கண் ஒன்றே போதும் என்று மாப்பிள்ளையே தன் கையால் எழுதியிருந்தாராம். அடுத்த தை மாதம் கல்யாணம். சிகாமட் மாப்பிள்ளை நல்ல மனிதர், அத்தையை நன்றாகவே வைத்துக்கொண்டார். இருந்தாலும் அந்தப் படத்தை அவர்கள் வீட்டுச் சுவரில் இப்போது பார்த்தால் நான் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொள்கிறேன். யார் வந்துவிட்டதாக நினைத்து அவள் அப்படி மலர்ந்தாள் என்று எனக்குப் புரிவதற்குள் நானே கல்யாண வயதுக்கு வந்திருந்தேன்.

ஆனால் எட்டு வயதில் எனக்கு எந்தச் சந்தேகமும் இருக்கவில்லை. அத்தை சிகாமட்டுக்குப் போன பிறகு டிரஸர் அண்ணன் குழாயடியில் மணி அடிப்பதை நிறுத்திவிட்டார். மணி கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்து, ஒரு நாள் நானே அவரை மறித்து யோசனை சொன்னேன்.

“மலாக்கா ஸ்டூடியோவுல நல்ல மணி ஒண்ணு இருக்குண்ணே. படம் எடுக்கறப்ப எங்க அத்த கண்ணத் தொறக்கவே மாட்டேன்னாங்க. நான் அந்த மணிய அடிச்சேன், ஒடனே தொறந்துட்டாங்க.”

டிரஸர் அண்ணன் சைக்கிள் மணியை ஒரு கையால் பொத்திக்கொண்டார். பிறகு தள்ளிக்கொண்டே போய்விட்டார். எனக்கு மாத்திரை கொடுக்க மறந்துவிட்டார். கேட்டு வாங்க நான் என்ன முட்டாளா என்று வீட்டுக்கு ஓடிவிட்டேன்.