முழங்கால் கடல்

கல்லூரியில் சேர்ந்த முதல் நாள் நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாரும் எழுந்து நின்று வணக்கம் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தேன், எனக்குப் பின்னால் யாரும் இல்லை. நான் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்த பிறகுதான் அவர்களுக்குச் சந்தேகம் வந்தது. முன்னால் இருந்தவன் திரும்பி, "மகனச் சேக்க வந்தீங்களா? ஆபீஸ் கீழ இருக்குங்க" என்றான். எனக்கு அப்போது முப்பத்து மூன்று வயதுதான். ஆனால் மஸ்கட் தண்ணீர் என் தலைமுடியில் பாதியை எடுத்துக்கொண்டிருந்தது. "நான்தான்ப்பா சேந்திருக்கேன்" என்றேன். அன்றைக்கு முழுக்க அந்த வகுப்பு சிரிப்பை அடக்கப் பட்ட பாட்டை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மஸ்கட்டில் ஏழு வருடம் கட்டட வரைபடம் போட்டவன் நான். கம்பெனியை மூடியதும் ஆலங்குடிக்குத் திரும்பினேன். மஸ்கட்டிலேயே இருக்கும் என் மனைவியின் அண்ணன் அங்கே வேறொரு இடத்தில் எனக்கு வேலை பேசி, விசாவுக்கும் ஏற்பாடு செய்துவிட்டார். "ஒரு வருசம் வேணா ஊர்ல இருந்து பாருங்க மாப்ள, அப்புறம் ஏறி வந்துருங்க" என்றார். அந்த ஒரு வருடத்தில்தான் புதுக்கோட்டையில் ஒரு சமுதாயக் கல்லூரியில் வீடியோ கேமுக்குப் படம் வரைந்து வடிவமைக்கும் டிப்ளமோ இருப்பதைக் கேள்விப்பட்டு, போய்ச் சேர்ந்தேன். டீக்கடையில் செய்தி பரவிவிட்டது. "வீட்ல பிள்ளைக செல்லுல விளையாண்டா முதுகுல ரெண்டு வைக்கிறோம். இவரு அதப் படிக்கவே போறாராம்ல" என்று என் காதுபடவே பேசினார்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வரும். டீயைப் பாதியில் வைத்துவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

எங்கள் சார் என்னைவிட ஆறு வயது இளையவர். நான் அவரை சார் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். மாடியில் ஒரே அறை, பத்து கம்ப்யூட்டர், அதில் இரண்டு எப்போதும் படுத்திருக்கும். திரையில் தெரியும் மரம், மாடு, மனிதன் எல்லாமே சின்னச் சின்ன முக்கோணங்களை ஒட்டிச் செய்தவைதான் என்பது அவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம். முக்கோணம் கூடக்கூட மெஷின் மூச்சு வாங்கும். குறைந்த முக்கோணத்தில் நிறையக் காட்டுகிறவர்தான் கெட்டிக்காரர். இதை நான் நோட்டில் எழுதிக்கொண்டேனே தவிர, மண்டையில் ஏற்றிக்கொள்ளவில்லை.

வருடக் கடைசியில் திருச்சியிலிருந்து ஒரு கேம் கம்பெனி வரும் என்று சார் சொல்லியிருந்தார். எங்கள் புராஜெக்டைப் பார்த்து ஒரே ஒருவரை வேலைக்கு எடுத்துக்கொள்வார்கள். வகுப்பில் பதினாறு பேர். அந்த ஒருவர் நான்தான் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன். அந்த வேலை கிடைத்தால் விசா வேண்டாம், வெளிநாட்டிலேயே இருந்த அப்பனைப் பழகாத என் மகள் என்னைப் பார்த்து ஓடி ஒளிவதும் ஒரு வழியாக நிற்கும்.

இரண்டிரண்டு பேராகச் சேர்ந்து ஒரு கேம் செய்ய வேண்டும். என்ன கேம் என்று கேட்டதும் எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகள் வேறென்ன சொல்வார்கள்? எட்டு ஜோடியில் ஆறு ஜோடி ஜல்லிக்கட்டு. "ஆறு வாடிவாசல் வச்சா கம்பெனிக்காரன் ஓடிப் போயிருவான்" என்று சார் தலையில் கை வைத்துக்கொண்டார். காளைக்கு ஒரு ஜோடி மட்டும் என்று சீட்டுப் போட்டுக் குலுக்கியதில் எனக்குக் காளை கிடைக்கவில்லை. என்னோடு சேர்ந்திருந்த பையன் உடனே வேறு ஜோடி பார்த்துப் போய்விட்டான். அன்றைக்கு அறையில் ஜோடி இல்லாமல் நின்றது நானும், கடலை வைத்து கேம் செய்யப் போகிறேன் என்று சொல்லித் தன் ஜோடியை இழந்திருந்த மீமிசல் பெண்ணும்தான்.

அவளுக்குப் பத்தொன்பது வயது. அப்பா நாட்டுப்படகில் மீன்பிடிக்கிறவர். தினமும் இரண்டு பஸ் மாறி வருவாள். மணமேல்குடிப் பக்கம் நண்டுச் சதை பிரித்து ஏற்றுமதிக்கு அனுப்பும் கம்பெனி ஒன்றில் அவள் அம்மாவுக்கு வேலை. காலையில் வேன் அவர்கள் தெருவுக்கே வந்து பெண்களை ஏற்றிக்கொண்டு போகும். "இந்தப் படிப்புல வேல கெடைக்கலன்னா நானும் வேன்ல ஏறணும்ண்ணே. அம்மா பக்கத்துலயே எடம் சொல்லி வச்சிருக்காங்க" என்றாள். குறையாகச் சொல்லவில்லை, நாளைக்கு லீவு என்பதுபோலச் சொன்னாள். இருக்கிற ஒரே வேலைக்கு நானும் குறி வைத்திருப்பது அவளுக்குத் தெரியும். அதையும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளவில்லை.

அவள் யோசித்து வைத்திருந்த கேம் இதுதான். ஒரு பெண் தூக்குவாளியில் சோறு எடுத்துக்கொண்டு, தூரத்தில் நங்கூரம் போட்டு நிற்கும் அப்பாவின் படகுக்குக் கடலுக்குள் நடந்தே போக வேண்டும். தண்ணீரின் நிறத்தைப் பார்த்துக் கால் வைக்க வேண்டும். தப்பான நிறத்தில் வைத்தால் சேற்றுக்குழி, தூக்குவாளி போச்சு. கேட்டதும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "கடலுக்குள்ள யாரும்மா நடந்து போவா?" என்றேன். "நாங்க போவோம்" என்றாள்.

ஒரு திங்கட்கிழமை ஐந்து தண்ணீர் பாட்டிலோடு வந்து ஜன்னலில் வரிசையாக வைத்தாள். கரையோரத் தண்ணீர், பாசித் தண்ணீர், சேற்றுத் தண்ணீர், ஆறு வந்து விழும் இடத்துத் தண்ணீர், படகு நிற்கும் இடத்துத் தண்ணீர். நிறம் பார்த்துத் தீட்டப் போகிறாளாம். மத்தியானத்துக்குள் மண்ணெல்லாம் அடியில் தங்கி, ஐந்தும் ஒரே மாதிரி ஆகிவிட்டது. வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. அவள்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தாள். சிரித்துவிட்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனை எடுத்துக்கொண்டு கடலுக்குள் இறங்கினாள். பத்து அடிக்கு ஒரு தடவை நின்று, குனிந்து, தன் காலையே படம் எடுத்துக்கொண்டு போனாள். படகிலிருந்து அவள் அப்பா, "ஏ ஆத்தா, காலுல என்னாத்தா குத்திருச்சு?" என்று கத்திக்கொண்டே இருந்தாராம். நூறு படத்துக்கு மேல் இருக்கும். எல்லாவற்றிலும் அவள் பாதங்கள், மேலே ஒவ்வொரு நிறத்தில் தண்ணீர். சாம்பல், டீயில் பால் கூடினாற்போல ஒன்று, பாசிப் பச்சை, கடைசியில் சேற்றுக்குழி விளிம்பில் கறுப்பு கலந்த ஒரு பச்சை. நீலம் ஒன்றில்கூட இல்லை. அந்தப் படங்களைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாதம் தீட்டினாள். அவள் கடலில் முக்கோணம் என்று பார்த்தால் நான் செய்துகொண்டிருந்த படகின் துடுப்பில் இருந்த அளவுகூடக் கிடையாது. தட்டையான ஒரு விரிப்பு, மற்றதெல்லாம் நிறம். எங்கள் பழைய கம்ப்யூட்டரில் அது வழுக்கிக்கொண்டு ஓடியது. நான் வாய்விட்டுப் பாராட்டவில்லை. ஆனால் அவள் பஸ்ஸுக்குப் போன பிறகு தனியாக உட்கார்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

படகு என் பொறுப்பு. மஸ்கட் பழக்கம், ஆணி முதற்கொண்டு அளவெடுத்துச் செய்தேன். திறந்தால் மெஷின் நின்றுவிட்டது. "அண்ணே, இது கடல்ல மெதக்காது, கம்ப்யூட்டரயே முக்கிரும்" என்றார் சார். இரண்டு வாரம் ஆணிகளைப் பிடுங்கினேன். கயிற்று முடிச்சை மட்டும் விடவில்லை. பிறகு கடலைப் பார்த்தேன், கை அரித்தது. இது என்ன கடல், அசையாமல் கண்மாய்போலக் கிடக்கிறதே என்று அலை செய்ய ஆரம்பித்தேன். ஆள் உயர அலை, நுரை, தெறிக்கும் துளி. மூன்று வாரம் சோறு தண்ணீர் பார்க்காமல் செய்தேன். சொந்தப் பெருமை வேண்டாம், ஆனால் நன்றாகவே வந்திருந்தது.

அவள் பார்த்தாள். "நல்லாருக்குண்ணே. ஆனா எங்க கடல்ல அலையே கெடையாது" என்றாள்.

"அலை இல்லாத கடல் எங்கம்மா இருக்கு?"

"மீமிசல்ல இருக்கு. வந்து பாருங்க."

மறுநாள் வந்து பார்த்தால் அலை இல்லை, எடுத்துவிட்டிருந்தாள். எனக்கு வந்த கோபத்தில் நாற்காலியைப் பின்னால் தள்ளியதில் அது சுவரில் போய் முட்டியது. மூன்று வார உழைப்பை என்னை ஒரு வார்த்தை கேட்காமல் அழிக்க நீ யார் என்று கத்தினேன். அவள் திருப்பிக் கத்தவில்லை. "அலை வச்சா நடக்க முடியாதுண்ணே. நடக்கத்தான் இந்த கேமே" என்று மட்டும் சொன்னாள். அதோடு எங்களுக்குள் பேச்சு நின்றுபோனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பாக இருக்கிறது. போனில் முழு சார்ஜ் ஏற்றிக்கொண்டு, அறந்தாங்கியில் பஸ் மாறி மீமிசல் போனேன், அலையைப் படம்பிடித்து அவள் முகத்துக்கு நேரே நீட்டுவதற்காக. இந்த மாவட்டத்தில் பிறந்து வளர்ந்து, மஸ்கட் கடலில்கூடக் குளித்தவன், எங்கள் கடலை அன்றைக்குத்தான் முதன்முதலில் பார்த்தேன். அது அப்படியே கிடந்தது. கரையில் ஒரு சலசலப்பு, அவ்வளவுதான். பேன்ட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கினேன். கணுக்கால், முழங்கால். நடக்க நடக்க முழங்கால்தான். தூரத்தில் படகுகள் நின்றன, கிட்டத்தில் வரவே மாட்டேன் என்றன. ஓரிடத்தில் பாசிப் பச்சை முடிந்து, கறுப்பு கலந்த பச்சை ஆரம்பித்தது. என் கால் தானாக நின்றது. சோதித்துப் பார்க்கிறேன் என்று கம்ப்யூட்டரில் அந்த நிறத்தில் கால் வைத்து எத்தனை தூக்குவாளியை முழுக விட்டிருக்கிறேன்! அந்தப் பெண் தீட்டிய நிறத்தை நம்பி நடுக்கடலில் நின்றுகொண்டிருந்தேன். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது.

இவ்வளவுக்குப் பிறகும் என் புத்தி போகவில்லை. அலை இருந்த பழைய கேமின் ஒரு பிரதி என் பென் டிரைவில் இருந்தது. கம்பெனிக்காரர்கள் ஒவ்வொருவராகத்தான் கூப்பிடுவார்கள். என் முறை வரும்போது அதைப் போட்டுக் காட்டினால் என்ன? அவளுடைய கடல்தான் நிஜம் என்று எனக்குத் தெரியும். ஆனால் பார்த்ததும் வாயைப் பிளக்க வைப்பது என் அலைதான். விசா ஒரு பக்கம் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருந்தது. நேர்காணலன்று பென் டிரைவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனேன்.

அவளை முதலில் கூப்பிட்டார்கள். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவள் பேசுவது வெளியே பெஞ்சில் இருந்த எனக்குக் கேட்டது. "படகு பூரா அண்ணன் செஞ்சதுங்க மேடம். அந்தக் கயித்து முடிச்சப் பாருங்க, எங்க அப்பாவே பாத்துட்டு, இவருக்கு யாரு முடிச்சுப் போடச் சொல்லிக் குடுத்தான்னு கேட்டாங்க. கடைசி வரைக்கும் அண்ணன் வந்து நடந்து காட்டுவாங்க." அவள் வெளியே வந்தாள். இரண்டு வாரம் கழித்து என்னிடம் முதன்முதலாகப் பேசினாள். "போங்கண்ணே. படகு வரைக்கும் நடங்க, பாதியில நிறுத்திராதீங்க."

உள்ளே என்னைவிட மூத்த ஒரு அம்மாவும் ஓர் இளைஞரும் இருந்தார்கள். "உங்கள் வேலையைக் காட்டுங்கள்" என்றார் அந்த அம்மா. கை பைக்குப் போனது. பென் டிரைவை வெளியே எடுத்தும்விட்டேன். பிறகு அதைத் திரும்பப் பையிலேயே போட்டுவிட்டு, மெஷினில் அவள் வைத்திருந்ததைத் திறந்தேன். கேமில் தூக்குவாளிப் பெண் நடந்தாள். சாம்பல், பால் நிறம், பச்சை. நான் ஒரு தப்பும் செய்யாமல் நடத்திக்கொண்டு போனேன். "இந்தத் தண்ணீர் யாருடையது?" என்று கேட்டார்கள். "முழுக்க அந்தப் பிள்ளையோடதுங்க. நான் அலை வச்சேன், எடுத்துருச்சு. அது எடுத்ததுதான் சரி" என்றேன்.

படகு கைக்கு எட்டும் தூரத்துக்கு வந்தது. அப்போது திரையில் வெளிச்சம் மங்கியது. வாடைக் காற்றின் சத்தம் எழுந்தது. தூரத்தில், அதுவரை தட்டையாகக் கிடந்த கடலின் விளிம்பில், என் அலை எழும்பியது. ஆள் உயரம், நுரை, தெறிக்கும் துளி, ஒன்றுகூடக் குறையவில்லை. நடந்து வந்த கடல் முழுக்க அசையாமல் கிடந்ததால், அந்த அலையைப் பார்த்ததும் நானே கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டேன். அந்த இளைஞர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டார். "இது நீங்கள் இருவரும் பேசி வைத்துச் செய்ததா?" என்று அந்த அம்மா கேட்டார்.

"இல்லைங்க, எனக்கே தெரியாது. இப்பத்தான் பாக்குறேன்" என்றேன்.

சாயங்காலம் பெயரைச் சொன்னார்கள். வேலை அவளுக்கு. பொய் சொல்ல மாட்டேன், ஒரு நிமிடம் வயிறு எரியத்தான் செய்தது. அவள் அம்மாவுக்குப் போன் போட்டாள். அம்மாவின் கையெல்லாம் நண்டு, சூப்பர்வைசர்தான் போனை அவர் காதில் பிடித்துக்கொண்டு நின்றாராம். இந்தப் பக்கம் இவள், "இனி வேன்ல ஒனக்குப் பக்கத்துல வேற யாரையாச்சும் ஏத்திக்கச் சொல்லும்மா" என்று சொல்லிவிட்டு ஓவென்று அழுதாள். அதற்குப் பிறகு என் வயிறு எரியவில்லை.

பஸ் ஸ்டாண்டு வரைக்கும் சேர்ந்து நடந்தோம். அடுத்த மாதம் மஸ்கட் போகிறேன் என்று சொன்னேன். பஸ் ஸ்டாண்டுக்குள் நுழைந்ததும் அவள், "நாம பேசாம இருந்தப்ப, புயலடிச்ச அன்னிக்கு எங்க கடலப் பாத்தேன்ணே. நீங்க போட்ட மாதிரியேதான் இருந்துச்சு. அதான் தூக்கிப் போட மனசு வரல" என்றாள்.

"அப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல?"

மீமிசல் போகிற பஸ்ஸின் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு அவள் சிரித்தாள். "சொல்லியிருந்தா அலைய இன்னும் ரெண்டு ஆள் ஒசரம் ஏத்தியிருப்பீங்கண்ணே."

உண்மைதான். ஏற்றியிருப்பேன்.