சேற்று ஆமை

கல்யாணமான கொஞ்ச நாளிலேயே என் கணவர் ஷார்ஜாவுக்கு விமானம் ஏறிவிட்டார். போனில் நலம் விசாரித்து முடித்தால் இருவருக்கும் பேச்சு வராது. ஒருநாள் அவரே ஒரு கேமை இறக்கச் சொன்னார். விநோதப் பிராணிகளைப் பிடித்துப் பழக்கி, அணி சேர்த்து மோதவிடும் விளையாட்டு. அதன்பிறகு பேச நேரம் போதவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை இருவர் சேர்ந்து ஆடும் ஆன்லைன் போட்டி வந்தது. ஆளுக்கு ஒரு பிராணி. எது வலியது, எது சொத்தை என்று ஆட்டக்காரர்கள் போட்டுவைத்திருந்த தரவரிசை அவருக்கு மனப்பாடம். உச்சியில் இருந்தது நெருப்பு நாகம். நானோ கடைசி வரிசையில் கிடந்த சேற்று ஆமையை எடுத்தேன்.

"அத யாரு புள்ள சீந்துவா?"

"எல்லாரும் அந்த வரிசையப் பாத்துத்தான வருவாக? அப்ப எல்லார்ட்டயும் நெருப்பு நாகம்தான் இருக்கும். சேத்துல நெருப்புப் பட்டா என்னாகும்? செங்கல் மாதிரி ஓடு இறுகிரும்."

"அப்ப நான் வைத்தியக் கொக்கு எடுக்கேன். ஆமை இறுகுற வரைக்கும் சாகவிடாமப் பாத்துக்கிறேன்" என்றார். ஆசை ஆசையாய் வளர்த்த நாகத்தை அவர் விட்டுக்கொடுத்ததில் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை.

அன்று நான் திருச்சுழி பக்கம் அம்மா வீட்டில் இருந்தேன். மொட்டைமாடியில் மட்டும்தான் சிக்னல். அவர் ஜும்ஆ தொழுகை முடித்து அறைக்கு வந்ததும், காயப்போட்ட மிளகாய்க்கு நடுவே நின்று ஆடினேன். இரண்டு ஆட்டம் ஜெயித்து அரையிறுதிக்கு வந்துவிட்டோம்.

எதிரணியில் இரண்டுமே நெருப்பு நாகம். முதல் தீயில் ஆமைக்குப் பாதி உயிர் போனது. கொக்கு தேற்றியது. அடுத்த தீ லேசாகத்தான் சுட்டது. அதற்கடுத்தது ஓட்டில் பட்டுச் சிதறியது. ஆமையை உருட்டிவிட்டேன்; ஒரு நாகம் சுருண்டது. மிஞ்சிய நாகம் கொக்கை எரித்துவிட்டு, ஆமையைக் கவ்வி நசுக்கியது. ஆமைக்கு உயிர் ஒரு நூல்தான் பாக்கி.

"மச்சான், அடிக்கவா, ஓட்டுக்குள்ள பதுங்கவா?"

"ஆமை ஒன்னோடது. நீயே முடிவு பண்ணு."

அடித்தேன். நாகம் விழுந்தது. நான் போட்ட கூச்சலில் அம்மா கரண்டியோடு மாடிக்கு ஓடிவந்தார்கள்.

"என்னடி, தேளு கடிச்சிருச்சா?"

"ஜெயிச்சிட்டோம்மா."

அம்மா என் கையிலிருந்த போனை வாங்கினார்கள். "மாப்ள, இவள மொதல்ல கீழ எறங்கச் சொல்லுங்க. வெறுங்காலோட நிக்கிறா."

அப்போதுதான் உள்ளங்கால் எரிவது தெரிந்தது.

இறுதி ஆட்டத்தில் எதிராளிகள் விவரமாக ஒரு நீர்த்தவளையோடு வந்தார்கள். தண்ணீர் பட்டதும் என் ஆமை கரைந்தே போனது. தோற்ற வருத்தம் எங்களை அண்டவேயில்லை. பொழுது சாய்ந்து மஃரிப் பாங்கு சொல்லும்வரை அந்த அரையிறுதியையே மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தோம்.