காற்று வர ஒரு சந்து

அடுப்புக்குப் புது மோட்டார் போட்டாயிற்று. அடுப்புக் கதவோரம் புகை கசியாமல் ஒட்டும் கயிறும் புதிது. பெரம்பூரிலிருந்து வந்த மெக்கானிக், புகையை வெளியே இழுக்கும் ஃபேனை ஓடவிட்டுக் காட்டி, "வேகத்த மட்டும் தீயப் பாத்து நீயே வெச்சிக்கக்கா" என்று போய்விட்டார். அன்றிலிருந்து ஃபேன் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன்.

திருவொற்றியூரில் லாரிக்காரர்களுக்குச் சோறு போடும் மெஸ் எங்களுடையது. பின்கட்டுதான் வீடு. அடுப்பில் எரிப்பது மரத்தூளை இறுக்கிச் செய்த சின்னக் குச்சிகள், பெல்லட் என்போம். ஃபேன் வேகமாக இழுத்தால் சூடெல்லாம் குழாய் வழியே போய்விடும், உலை கொதிக்காது. மெதுவாக இழுத்தால் புகை அறைக்குள் திரும்பும். நடுவில் ஓர் இடம் இருக்க வேண்டும், எனக்கு அது அகப்படவே இல்லை. எப்படித் திருப்பினாலும் தீ சோர்ந்து கிடந்தது, என்னைப் போலவே.

நான் மட்டும் என்றால் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஆக்கியிருப்பேன். என் வீட்டுக்காரருக்குத் துறைமுகத்தில் நிலக்கரி இறக்கிக் கெட்ட நெஞ்சு. இன்னொரு முறை இழுப்பு வந்தால் இங்கே வைத்திருக்காதீர்கள், மாதவரத்து மகள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். வீட்டுக்காரருக்கோ வெங்காயம் உரித்துக்கொண்டே என்னிடம் வம்பளக்காவிட்டால் பொழுது போகாது. எனக்கும்தான்.

அடுப்பு ரிப்பேரில் கிடந்தபோது அவர் சும்மா இருக்கவில்லை. எங்கள் பக்கம் எல்லா வீட்டிலும் செய்வதுதான். ரோட்டுத் தூசியும் கரித்தூளும் நுழையாமல், பழைய லுங்கியைக் கிழித்து ஜன்னல் இடுக்கு, கதவடி, ஓட்டுச் சந்து எல்லாவற்றையும் அடைத்தார். "இனிமே ஒரு தூசி வராது பாரு மே" என்று பெருமை வேறு. நானும் மெச்சினேன்.

அன்று காலை மறுபடியும் புகை. அவர் இரும ஆரம்பித்தார். நான் கரண்டியை விட்டெறிந்து, அடுப்பையும் அதை விற்றவனையும் திட்டித் தீர்த்தேன். அந்த நேரம் ஒரு டிரைவர் கைகழுவப் பின்கதவைத் திறந்தார். தீ எழுந்து நின்றது. கதவு சாத்தியதும் படுத்துவிட்டது. நாங்கள் இருவருமே பார்த்தோம்.

ஃபேன் வெளியே இழுக்க, உள்ளே காற்று வர வேண்டாமா? அது வரும் வழியைத்தான் லுங்கி வைத்து அடைத்திருந்தார்.

"துணி அது பாட்டுக்கு இருக்கட்டும். பொகையில நா ஆக்கிக்கிறேன், நீ வெளிய போய் குந்து" என்றேன்.

"வெளிய தூசி, உள்ள பொகை. எங்க மே குந்தச் சொல்ற?"

எங்களுக்கு முன்கதவு, பின்கதவு இரண்டும் திறப்பது ரோட்டுத் தூசியில்தான். அவரே எழுந்துபோய் துணிகளை ஒவ்வொன்றாக உருவினார். தூசிக் காற்று உள்ளே வந்தது. திருகைக் கொஞ்சம் திருப்பினேன். தீ மஞ்சளாக, ஆடாமல் நின்றது.

"நல்லா எரியுது மே" என்றார், மூச்சு வாங்க. "பொண்ணுக்கு ஒரு போன் போடு."

வாங்கிய நாளிலிருந்து அடுப்பு இவ்வளவு நன்றாக எரிந்ததில்லை. வெங்காயத்தை இப்போது நானே உரிக்கிறேன்.