கரண்ட் என்று எழுதிய ஓட்டை

முனாஸுக்கு ஒரு சொல்லைக் கேட்டால் பற்றிக்கொண்டு வரும். கரண்ட். பல்பு எரியாவிட்டால் கரண்ட் இல்லை. மின்விசிறி சுற்றாவிட்டால் கரண்ட் காணாது. சுவரிலிருக்கும் பிளக்கில் அளப்பது வோல்ட், கரண்ட் என்பது வேறு சாமான் என்று காத்தான்குடியில் இருபது வருடமாக வயரிங் வேலை செய்யும் அந்த மனிதர் சொல்லிச் சொல்லியே தொண்டை வற்றிப்போனார். எல்லோரும் தலையாட்டுவார்கள். ஆட்டிவிட்டு, அண்ணன் முறை வைத்து, சரி நானா, கரண்ட் எப்ப வரும் என்று கேட்பார்கள்.

மண்டூர் ஆர்த்திகா அந்த ரகமில்லை. வீட்டுக்குப் பின்னால் குஞ்சு பொரிக்கும் மிஷின் வைத்திருப்பவள். ஒரு தடவை சொன்னால் போதும். மின்சாரம் அளக்க அவளை ஒரு டிஜிட்டல் மீற்றர் வாங்க வைத்ததும் முனாஸ்தான். சிவப்பு வயரை எதில் செருகுவது என்று தடுமாறக்கூடாதென்று, இரண்டு ஓட்டைகளுக்கு மேலும் தன் கையாலேயே எழுதி ஒட்டினார். ஒன்று வோல்ட், மற்றது கரண்ட்.

அன்று காலையில் மின்சார சபைக்காரர் லைனை நிறுத்திவிட்டார்கள், பின்னேரம்தான் வருமாம். மிஷினுக்குள் முந்நூறு முட்டை, பத்தொன்பதாம் நாள். சூடு விட்டுப்போனால் ஒரு குஞ்சும் மிஞ்சாது. ஆர்த்திகா அயலில் ஒரு ஜெனரேற்றரை இரவல் வாங்கி ஓடவிட்டு முனாஸுக்குப் போன் எடுத்தாள். அவரோ பெரியகல்லாற்றில் ஏணி மேல் நின்றார். வேர்வை கண்ணுக்குள் இறங்கியது. கீழே வீட்டுக்காரர் மூன்றாவது தடவையாகக் கரண்ட் வரவில்லையா என்றார். போனில் கேட்ட இரைச்சலே ஜெனரேற்றர் தறிகெட்டு ஓடுவதைச் சொன்னது.

"மிஷின அதில குடுத்திராதீங்க தங்கச்சி. முதல்ல கரண்ட் எவ்வளவு எண்டு பாத்துச் சொல்லுங்க."

படார் என்று ஒரு சத்தம். அதோடு போன் நின்றுவிட்டது. திரும்ப எடுத்தார், ஆறு தரம் எடுத்தார். பதில் இல்லை.

குருமண்வெளித் துறைக்கு மோட்டார் சைக்கிளில் பறந்து வந்தால், மண்டூருக்கு ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றிப்போகும் படகுப்பாதை அக்கரையில் நின்றது. அது ஆறுதலாக, மெல்ல மெல்ல வாவியைக் கடந்து வந்தது. மீற்றர் ஊசியின் நுனியில் விரல் வைக்காதே, செருப்பில்லாமல் நிற்காதே, எத்தனை தரம் சொன்னேன் என்று வாய்க்குள்ளேயே திட்டினார். திட்டாவிட்டால் அழுதிருப்பார்.

ஆர்த்திகா அடுப்படி வாசலில் சுட்டுப்போன விரலைத் தண்ணீருக்குள் விட்டபடி உட்கார்ந்திருந்தாள். போன் கீழே விழுந்து உடைந்து கிடந்தது. ஜெனரேற்றர் தானாகவே நின்றுவிட்டிருந்தது. உயிரோடு கண்டதும் முனாஸுக்குக் கோபம்தான் முதலில் வந்தது. படித்த பிள்ளை செய்கிற வேலையா என்று தொடங்கினார். அவள் மீற்றரை நீட்டினாள். ஊசி முனை உருகியிருந்தது. சிவப்பு வயர் கரண்ட் என்று எழுதிய ஓட்டையில் இருந்தது.

"கரண்ட் பாக்கச் சொன்னீங்க. கரண்டிலதான் போட்டன்."

வோல்ட் ஓட்டையில் செருகியிருந்தால் மீற்றர் எட்ட நின்று அளந்திருக்கும். மற்றதில் செருகினால் மீற்றரே ஒரு துண்டு வயராகி இரண்டு பக்கத்தையும் நேரே இணைத்துவிடும். இது முனாஸுக்குத் தெரியும், இருபது வருடமாகத் தெரியும். வோல்ட் பார்க்கச் சொல்ல நினைத்துக் கரண்ட் என்றதும் அவர் வாய்தான். தொடங்கிய ஏச்சை நடுவிலே விட்டுவிட்டுப் பின்பக்கம் போனார்.

ஜெனரேற்றரை மறுபடி கிளப்பினார். தன் மீற்றரின் சிவப்பு வயர் வோல்ட் ஓட்டையில்தான் இருக்கிறதா என்று இரண்டு தரம் பார்த்தார். குமிழை ஏசி வோல்டின் பெரிய அளவுக்குத் திருப்பி, ஊசிகளின் தடுப்புக்குப் பின்னால் பிடித்து, ஒரே கையால் ஒவ்வொன்றாக வைத்தார். 264 வோல்ட், 230 இருக்கவேண்டிய இடத்தில். பொத்தானை அமுக்கினால் 57 ஹேர்ட்ஸ், வேண்டியது 50. பல்பு பிரகாசமாக எரியட்டும் என்று எந்தப் புண்ணியவானோ வேகத் திருகாணியை முறுக்கியிருக்கிறான். 52க்கு இறக்கினார், வோல்டும் 236க்கு வந்தது. மிஷினை அதில் கொடுத்ததும் சுமை ஏறி 50 ஹேர்ட்ஸில் நின்றது. ஆர்த்திகா ஒரு முட்டையை எடுத்து டோர்ச்சில் பிடித்தாள். உள்ளே குஞ்சு அசைந்தது.

முனாஸ் மூச்சை விட்டார். எல்லாம் நல்லபடி முடிந்தது என்றார்.

"நான் செத்திருந்தா என்ன சொல்லியிருப்பீங்க நானா?"

மீற்றர் பிடிக்கத் தெரியாமல் செத்தாள் என்று ஊர் முழுக்கச் சொல்லியிருப்பார். நம்பியும் இருப்பார்.

"உங்கட பிழை எண்டுதான்" என்றார்.