கொழுந்துக் கம்பி தேடித் தீவைச் சுற்றியது

1. கம்பி அறுந்த காலை

இலங்கை மலைநாட்டில், வட்டவளைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் தொழிற்சாலையில் முப்பத்தொரு வருடம் ஃபிட்டராக இருந்தேன். எஞ்சின், ரோலர், அடுப்பு எல்லாவற்றோடும் சண்டை போட்டிருக்கிறேன். ஆனால் வேலையைப் பற்றி யாராவது கேட்டால் நான் முதலில் சொல்வது கடலைப் பற்றித்தான். சிரிக்காதீர்கள், விஷயம் இருக்கிறது.

எங்கள் தோட்டத்தின் மேல் பிரிவு, தொழிற்சாலைக்கு எதிரே பள்ளத்தைத் தாண்டி உச்சியில் இருந்தது. அங்கே எடுக்கும் கொழுந்தைச் சாக்கில் கட்டி, கப்பியில் மாட்டி, கம்பியில் விடுவார்கள். சாக்கு சறுக்கிக்கொண்டு வந்து தொழிற்சாலை வாசலில் நிற்கும். அதற்கு ஒரு நிமிடம் போதும். அதே தூரத்தை நடந்து வந்தால் ஒன்றரை மணி நேரம்.

அந்தக் கம்பியால் எனக்குத் தனி லாபமும் ஒன்று இருந்தது. என் மனைவி அன்னக்கிளி மேல் பிரிவில் கொழுந்து எடுத்தாள். எங்கள் வீடும் மேலே தொழிலாளர் லயத்தில்தான். பகல் நிறுவை முடிந்ததும் வீட்டுக்கு ஓடி, நாலு ரொட்டி சுட்டு, துணியில் முடிந்து, கடைசிச் சாக்கின் மேல் கட்டிவிடுவாள். கீழே நான் சுடச்சுடத் தின்பேன். இது சட்டப்படி தப்பு. தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் ஐயாவுக்குத் தெரியும், கண்டுகொள்ள மாட்டார்.

அறுபதுகளின் தொடக்கத்தில் ஒரு மழை நாள் காலையில் கம்பி அறுந்தது. கீழே யாரும் இல்லாதது எங்கள் அதிர்ஷ்டம். அறுந்த முனையைப் பார்த்தேன். உள்ளே எண்ணெய் வற்றி, இழையெல்லாம் துரு. ஒட்டுப்போடவே முடியாது.

அன்றிலிருந்து பெண்கள் கொழுந்தைத் தலையில் சுமந்தார்கள். மழையில் வழுக்கி விழுந்தவர்களும் உண்டு. இத்தனை பாடுபட்டுக் கொண்டுவந்தும் கொழுந்து நசுங்கிச் சூடேறிச் சிவந்துபோய் வந்தது. அதில் நல்ல தேயிலை எப்படி வரும்? புதுக் கம்பி இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். இறக்குமதிக் கட்டுப்பாடு இருந்த நேரம் அது. பர்மிட் கிடைக்க ஆறு மாதமாவது போகும் என்று கொழும்பிலிருந்து பதில் வந்தது.

தோட்டத்து மேனேஜரான பெரியதுரை, காலையில் ஆள் கூடும் பெரட்டுக்களத்தில் எல்லார் முன்னாலும் சொன்னார்: “கம்பி இல்லே, நல்ல கொழுந்து இல்லே. மாசக் கடைசி வரைக்கும் பாக்குறது. அப்புறம் மேல் பிரிவு மூடுறது. ஆள் எல்லாம் வேற தோட்டம் போறது.”

எனக்கு மட்டும் காது சுட்டது. கம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டியவன் நான்தானே.

2. காசிம் நானா சொன்ன இடம்

ஹட்டனில் காசிம் நானாவின் பழைய இரும்புக்கடைக்குப் போனேன். அவரிடம் இல்லாதது விமானம் ஒன்றுதான் என்பார்கள்.

“அவ்வளவு நீளத்துல கம்பிக்கு இங்க எங்க போறது தம்பி?” என்றார் நானா. “ஆனா திருகோணமலைப் பக்கம் ஒரு சின்னத் தீவு இரிக்கி. யுத்த காலத்துல நேவிக்காரன் பீரங்கி வச்சிருந்த இடம். அங்க கெடக்குற இரும்பை நான்தான் ஏலத்துல எடுத்திரிக்கேன். கரையெல்லாம் கம்பி கெடக்கு. வாங்க, கண்ணால பாத்துக்கிட்டே எடுத்துக்கலாம்.”

டீமேக்கர் ஐயாவிடம் லீவு கேட்டேன். யாழ்ப்பாணத்துக்காரர், கோபக்காரர், ஆனால் நியாயக்காரர். “கடலிலை கிடந்த கம்பியைக் கொண்டந்து என்ரை தலையிலை விழுத்திப்போடாதையும் காணும்,” என்றார். “நாலு நாள் தாறன். போட்டு வாரும்.”

அன்னக்கிளி ஒரு துணிப்பையில் ரொட்டியும் உறைப்பான கட்டச்சம்பலும் வைத்துக் கொடுத்தாள். என் முறுக்கூசி, அளவுநாடா எல்லாம் அதே பையில்தான்.

“தண்ணியில எறங்கிடாதீங்க. உங்களுக்கு நீச்சல் தெரியாது,” என்றாள்.

“கம்பி இல்லாம வரமாட்டேன்.”

“கம்பி இல்லாட்டியும் வாங்க,” என்றாள். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டது.

3. தண்ணீர் ஓரம்

கடலை அன்றுதான் முதன்முதலில் பார்த்தேன். வாயைப் பிளந்துகொண்டு நின்றேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம்.

நானாவும், அவருடைய ஆட்கள் ஆறு பேரும், நானும் தோணியில் தீவுக்குப் போனோம். சாயந்தரம் நாலு மணிக்குத் திரும்பி வருவேன், அதற்குமேல் காற்று மாறிவிடும் என்று சொல்லிவிட்டுத் தோணிக்காரர் போய்விட்டார். தீவு சின்னதுதான். கரையோரமாக நடந்தால் இரண்டு மணி நேரத்தில் ஒரு சுற்று வந்துவிடலாம். நடுவில் ஒரு குன்று. அதன் தலையில் சிமெந்தில் கட்டிய பீரங்கி மேடை. கரை நெடுக இடிந்த காவல் அறைகள், முள்கம்பிச் சுருள்கள், மணலில் பாதி புதைந்த பெரிய பெரிய இரும்பு வளையங்கள்.

கம்பியும் கிடந்தது, நானா சொன்னது பொய்யில்லை. பையைத் தண்ணீர் ஓரம் ஒரு தாழ்ந்த கல்லின்மேல் வைத்துவிட்டு, முறுக்கூசியை மட்டும் எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கம்பியின் புரியைப் பிரித்து உள்ளே பார்க்க வேண்டும். நடுவில் இருக்கும் சணலில் எண்ணெய்ப் பசை இருந்தால் கம்பிக்கு உயிர் இருக்கிறது என்று அர்த்தம். ஒன்றிலும் இல்லை. ஊசியைக் குத்தினால் அப்பளம்போல் நொறுங்கியது. சிப்பி ஒட்டிய பாறையில் உள்ளங்கால் கிழிந்ததுதான் மிச்சம். ஒரு முழுச் சுற்று முடித்துப் புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர்ந்தேன்.

பையைக் காணோம். கல்லையும் காணோம். அந்த இடத்தில் தண்ணீர்தான் இருந்தது.

எங்கள் ஊரில் ஆற்றோரம் கல்லில் பை வைத்தால் அது அங்கேயேதான் இருக்கும். மழை பெய்தால்தான் தண்ணீர் ஏறும். வானம் வெளுத்துக் கிடக்கும்போது தண்ணீர் தானாக ஏறி வரும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

நானாவின் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். “தம்பி, கடலுக்கு நல்ல பசி போல!” என்றார் நானா. எனக்கு அழுகையே வந்துவிட்டது. ரொட்டி போனால் போகட்டும். மாசக் கடைசிக்கு எட்டு நாள்தான் இருந்தது. கம்பி இல்லாமல் போய் அன்னக்கிளியின் முகத்தில் எப்படி விழிப்பது?

கடல்மேல் ஆத்திரம். அதற்கு முதுகைக் காட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்தேன்.

4. குன்றைப் பார்த்தபோது

கடலுக்கு முதுகைக் காட்டினால் முகத்துக்கு நேரே குன்றுதானே இருக்கும்? அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். செங்குத்தான குன்று. மேலே ஏற ஓர் ஒற்றையடிப் பாதைதான் தெரிந்தது.

சட்டென்று கேட்டேன்: “நானா, பீரங்கிக் குண்டு என்ன கனம் இருக்கும்?”

“ஒராளு தூக்க ஏலாது.”

“அப்ப அதை எப்படி மேல ஏத்துனாங்க? இந்தப் பாதையிலயா?”

நானா என்னைப் பார்த்தார். நான் எழுந்துவிட்டேன். வெள்ளைக்காரன் மலையில் சாமான் போக்குவரத்து எப்படிச் செய்வான் என்று எனக்குத் தெரியாதா? அதில்தானே என் சோறு! கம்பி போட்டிருப்பான். கம்பி போட்டிருந்தால் கீழே அதை இழுத்துக் கட்ட ஒரு சிமெந்துக் கட்டை இருக்கும். அதைப் பிடித்துவிட்டால் மீதி தானாக வரும்.

மறுபடியும் கரையோரம் நடந்தேன். இந்தத் தடவை கண் தண்ணீரில் இல்லை. பீரங்கி மேடையை நிமிர்ந்து பார்ப்பது, பத்தடி நடப்பது, மறுபடி பார்ப்பது. மேடைக்கு நேர் கீழே ஒரு தாழம்புதர். கத்தியால் வெட்டி விலக்கினோம். உள்ளே ஆளுயரத்தில் சிமெந்துக் கட்டை, அதில் கை மொத்தத்தில் ஒரு கொக்கி ஆணி. எங்கள் தொழிற்சாலை வாசலில் இருக்கும் அதே மாதிரி! நான் போட்ட கூச்சலில் கொக்கெல்லாம் பறந்துபோனது.

அங்கிருந்து கம்பி போயிருக்க வேண்டிய கோட்டில் நேராக ஏறினோம். உச்சியில் பாதி மண்ணுக்குள் ஓர் அறை. கதவைக் கடப்பாறையால் நெம்பினோம். உள்ளே கையால் சுற்றும் வின்ச், அதன் பக்கத்தில் தார்ச்சீலை போட்டு மூடிய மர உருளை ஒன்று. சீலையை இழுத்தேன். கம்பி! மேல் அடுக்கில் மட்டும் துரு. அடுத்த அடுக்கில் ஊசியைக் குத்திப் புரியைப் பிரித்தேன். சணல் விரலில் பிசுபிசுவென்று ஒட்டியது.

அளவுநாடா கடலில். ஆனால் எங்கள் கப்பியின் பள்ளத்துக்கு வெட்டிய தகரத் துண்டு சட்டைப்பையில் இருந்தது. கம்பி அதில் கனகச்சிதமாக உட்கார்ந்தது. சுற்றுகளை எண்ணிக் கணக்குப் போட்டேன். எங்களுக்கு வேண்டியதைவிட நாற்பது யார் கூடுதல்.

“என்னா தம்பி, சரியா?” என்றார் நானா.

நான் அவரைக் கட்டிப்பிடித்துத் தூக்கிவிட்டேன். ஆள் நல்ல கனம்.

உருளையை இறக்க முடியாது. கம்பியை அறுக்காமல் வளையம் வளையமாகப் பிரித்து, ஆளுக்கொரு வளையம் தோளில் போட்டு, வரிசையாக இறங்கினோம். தோணிக்காரர் வந்தபோது கடைசி வளையம் கரையில் இருந்தது.

5. மூன்று தட்டு

கம்பியோடு நானாவின் லொறி தோட்டத்துக்கு வந்தபோது மேல் பிரிவில் ஆணும் பெண்ணும் ஒருத்தர் மிச்சமில்லாமல் இறங்கி வந்திருந்தார்கள். அதே மாதிரி ஆளுக்கொரு வளையம் தோளில். மலைப்பாதை நெடுக ஒரே வரிசை. முன்னால் அன்னக்கிளி. பை போன கதையைக் கேட்டு, வழியெல்லாம் சொல்லிச் சொல்லிச் சிரித்துக்கொண்டே ஏறினாள்.

கம்பியை இழுத்து முறுக்கேற்ற மூன்று நாள் ஆனது. முதலில் கல் சாக்கு விட்டுப் பார்த்தோம், தாங்கியது. மாசக் கடைசிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.

அன்று பகல் நிறுவை நேரம் பெரியதுரையே தொழிற்சாலை வாசலில் வந்து நின்றார். மேலே தடியால் கம்பியைத் தட்டினார்கள். ஒன்று, இரண்டு, மூன்று. மூன்று தட்டினால் சாக்கு வருகிறது என்று அர்த்தம். பனிக்குள் ஒரு புள்ளி தெரிந்தது. அது பெரிதாகி, விர்ரென்று வந்து, துரையின் காலடியில் தடாலென்று நின்றது. டீமேக்கர் ஐயா சாக்கை அவிழ்த்துக் கொழுந்தை அள்ளிப் பார்த்தார்.

“பச்சைப்பசேலெண்டு இருக்குது, சேர்!”

ஆனால் துரையின் பார்வை சாக்கின் மேல் கட்டியிருந்த துணி முடிச்சில் இருந்தது. “இது என்ன? இதுவும் கொழுந்தா?”

எனக்கு உயிரே இல்லை. டீமேக்கர் ஐயா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். “அது ஃபிட்டரின்ரை சாமான், சேர்.”

துரை முடிச்சை அவிழ்த்தார். நாலு ரொட்டி. கூடவே மேல் பிரிவுக் கணக்கப்பிள்ளையின் கையெழுத்தில் ஒரு துண்டு. டீமேக்கர் ஐயா அதை வாங்கிச் சத்தமாக வாசித்தார்: ‘இதையாவது தண்ணி ஓரத்துல வைக்காதீங்க. அன்னக்கிளி.’

வாசலே சிரித்தது. துரை ஒன்றும் புரியாமல் ஒரு துண்டு பிய்த்து வாயில் போட்டார். உடனே வாயைத் திறந்து ஊதிக்கொண்டு, “சூடு! சூடு!” என்றார். பிறகு நிமிர்ந்து மேல் பிரிவைப் பார்த்தார். “சரி. மேல் பிரிவு மூடுறது இல்லே.”

இப்போது வேலைக்கு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான்: புது இடத்துக்குப் போனால் அங்கிருக்கும் அதிசயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காதே. உன் தொழிலை அங்கே யாராவது செய்திருப்பானா, எங்கே நின்று செய்திருப்பான் என்று தேடு. நான் ஒரு முழுச் சுற்றை வீணாக்கிப் படித்த பாடம் இது.

மிச்ச மூன்றே முக்கால் ரொட்டியை நின்றபடியே தின்றேன். கடைசித் துண்டிலும் சூடு ஆறவில்லை.