கறியும் தயிரும்: ஏம்பலத்தில் ஓர் அல்பேனிய மதியச் சாப்பாடு

அல்பேனியா போக வேண்டும் என்று மூன்று வருடமாகப் புலம்பி வீட்டில் எல்லாருக்கும் காது புளித்துப்போயிருந்தது. போன கார்த்திகையில் விசா விண்ணப்பம் திரும்பி வந்தபோது ஒரு வாரம் யாரிடமும் நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. நான் கொஞ்சம் முன்கோபி. இந்த வலைப்பூவைத் தொடர்ந்து படிப்பவர்களுக்கு இது ஒன்றும் புதிதில்லை. மலைக்காகவோ கடலுக்காகவோ இவ்வளவு துக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லாம் சாப்பாட்டுக்காகத்தான்.

கூட வேலை பார்க்கும் விழுப்புரத்துப் பெண்தான் ஆரம்பித்து வைத்தாள். "அந்தச் சாப்பாட்டுக்கு இன்னாத்துக்குக்கா அவ்ளோ தூரம்? ஏம்பலத்துல ஒரு அல்பேனியாக்காரங்க ஞாயித்துக்கெழமையில ஆக்கிப் போடுறாங்க" என்றாள். கேலி செய்கிறாள் என்று நினைத்து முறைத்தேன். உண்மைதான் என்று தெரிந்ததும் அன்றைக்கே ஃபோன் போட்டு, மாசி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஓர் ஆளுக்கு இடம் சொல்லிவைத்தேன்.

முந்தின நாளே விழுப்புரம் வந்து அவள் வீட்டில் தங்கினேன். காலை 6.10க்குப் புதுச்சேரி பயணிகள் ரயில், டிக்கெட் பத்து ரூபாய். ஜன்னலுக்கு வெளியே பனி. வயலும் வரப்பும் தெரியாமல் தென்னை மரங்களின் தலை மட்டும் வந்து வந்து போனது. பாதித் தூக்கத்தில் எங்கேயோ வெளிநாட்டு ரயிலில் போவதாகவே நினைத்துக்கொண்டேன், பக்கத்துப் பெட்டியில் சுண்டல் வாசனை வரும்வரை. 6.55க்கு வில்லியனூர். ஸ்டேஷன் வாசலில் ஒரு டீ, பன்னிரண்டு ரூபாய்.

ஆட்டோக்காரரிடம் ஏம்பலம் என்றதுமே, "மீராம்மா வூட்டுக்கா?" என்றார்.

எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஞாயித்துக்கெழம காலீல பையும் கையுமா எறங்கி ஏம்பலம் கேட்டா அங்கதான். கல்யாணத்துக்குன்னா பட்டுப்பொடவ கட்டியிருப்பீங்க."

அவர் சாப்பிட்டிருக்கிறாரா என்று கேட்டேன். "ஒரு தபா. ரொட்டி மாதிரி ஒண்ணு, அடுக்கு அடுக்கா குடுத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு. ஆனா கொழம்பு இல்ல" என்றார். அந்தக் குறை அவருக்கு இன்னும் ஆறவில்லை என்பது குரலிலேயே தெரிந்தது.

ஆற்றுப்பாலம் தாண்டி, மங்கலம் வழியாகப் பதினொரு கிலோமீட்டர், இருபத்தைந்து நிமிடம், இருநூற்றைம்பது ரூபாய். சாலையின் இரண்டு பக்கமும் கரும்பு பூத்திருந்தது. பனி விலக விலக அந்த வெள்ளைப் பூக்கள் மட்டும் பனியாகவே நின்றன. கொஞ்சம் மெதுவாகப் போங்கள் என்றேன். காசு அதேதானே என்று சிரித்துவிட்டு அவரும் மெதுவாக ஓட்டினார்.

கரும்புக்கொல்லை ஓரத்தில் ஒரு தளம் போட்ட வீடு. வாசலில் நின்ற வெள்ளைக்காரப் பெண் என்னைப் பார்த்து, "வாங்கக்கா, இன்னா பனி பாருங்க, குந்துங்க" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது. மீரா என்பது அவளுடைய சொந்தப் பெயரேதான், அந்த ஊரிலும் அந்தப் பெயர் உண்டாம். தமிழ் மட்டும் ஏம்பலத்தில் கற்றது. கணவர் செல்வமும் அவளும் இத்தாலியில் ஒரே ஹோட்டல் சமையலறையில் பதினொரு வருடம் வேலை பார்த்தவர்கள். செல்வத்தின் அம்மா இறந்த பிறகு, தனியாக இருந்த அப்பா முருகேசனைப் பார்த்துக்கொள்ள இரண்டு வருடம் முன்பு இங்கே வந்துவிட்டார்கள்.

காலை எட்டரைக்கு அடுப்பு மூட்டினாள். முதலில் ஃப்லி. மைதாவும் உப்பும் தண்ணீரும் சேர்ந்த நீர்த்த மாவு. அகலமான வட்டத் தட்டில் அதைச் சூரியக் கதிர் மாதிரி கோடு கோடாக ஊற்றுகிறாள். மேலே தணல் பரப்பிய இரும்பு மூடியால் மூடுகிறாள். வெந்ததும் மூடியைத் தூக்கி, வெண்ணெயும் பாலேடும் தடவி, விட்ட இடைவெளியில் அடுத்த கோடுகள். இப்படியே அடுக்கு மேல் அடுக்கு. அந்த மூடி என்ன தெரியுமா? கொத்தனார்கள் கலவை அள்ளும் இரும்புச் சட்டி. வீடு கட்டும் இடத்தில் பார்த்துப் புதிதாக ஒன்று வாங்கி, கவிழ்த்துக்கொண்டாளாம்.

"இது நம்ம தோசைதானே?" என்றேன்.

"தோசை ரெண்டு நிமிசம். இது நாலு மணி நேரம். அவசரம்னா தோசை சாப்புட்டுட்டுப் போங்கக்கா."

வாயை மூடிக்கொண்டு புங்கமரத்தடிக் கயிற்றுக் கட்டிலில் படுத்தேன். சவுக்குக் கட்டைப் புகை, வெண்ணெய் உருகும் வாசனை, கரும்புத் தோகை உரசும் சத்தம். மூடி விழும்போது ஒரு 'டங்', எடுக்கும்போது ஒரு 'டங்'. தூங்கினேனா விழித்திருந்தேனா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியவில்லை. கண்ணைத் திறந்த போதெல்லாம் மீரா அதே இடத்தில் ஒரு கோடு ஊற்றிக்கொண்டிருந்தாள். நான் இவ்வளவு நிம்மதியாகக் கிடந்து ரொம்ப நாளாயிற்று.

பத்தரை மணிக்குப் பசி தாங்க கீரையும் வீட்டிலேயே திரித்த பால்கட்டியும் வைத்த பியூரெக் கொடுத்தாள். மெல்லிய மாவு அடுக்குகள், கடித்தால் பொலபொலவென்று உதிரும். கூடவே உப்பு மோர், அவர்கள் ஊரிலும் அதேதான். நல்ல பிள்ளையாகத் தட்டை வழித்துச் சாப்பிட்டேன். உடனே இன்னொரு துண்டு வைத்தாள். அதையும் முடித்தேன். இன்னொன்று வந்தது. ஐந்தாவது துண்டில் நான் விழி பிதுங்குவதைப் பார்த்துச் செல்வம் காதோரம் சொன்னார். "தட்டு காலியானா பத்தலன்னு அர்த்தம் அவங்க ஊர்ல. போதும்னா கொஞ்சம் மிச்சம் வையுங்கக்கா. அப்பா ரெண்டு வருசமா அப்டித்தான் தப்பிக்கிறாரு." சாப்பாட்டை மிச்சம் வைக்காதே என்று அடி வாங்கி வளர்ந்த எனக்கு அந்தக் கடைசி வாயை விடுவதற்குப் பெரும்பாடாகிவிட்டது.

பதினொரு மணிக்குத் தாவே கோஸிக்குக் கறி வெந்தது. அல்பேனியாவில் வீட்டுக்கு வீடு செய்யும் பண்டம் இது. வெந்த கறி, ஒரு கை அரிசி, மேலே தயிரும் முட்டையும் அடித்து ஊற்றிப் பொன்னிறமாகும் வரை சுடுவது. அங்கே செம்மறி, இங்கே வெள்ளாடு. எருமைத் தயிரை அடித்துக்கொண்டே மீரா சொன்னாள், அன்றைக்கு அவள் அம்மா இறந்து ஒரு வருடம் நிறைகிறதாம்.

"எங்க ஊர்ல இன்னிக்குச் செத்தா நாளைக்கு எடுத்துருவாங்க. நான் டிக்கெட் தேடிகினு இருக்கறப்பவே மண்ணு போட்டுட்டாங்கக்கா."

இந்த மாதிரி நாளில் என்னை ஏன் வரச் சொன்னாய் என்று கேட்டேன்.

"வூடு நெறைய ஆள் இருக்கட்டும்னுதான். அம்மா ஞாயித்துக்கெழம இதத்தான் செய்வாங்க. எல்லாரும் வந்து குந்துனாத்தான் மூடியத் தொறப்பாங்க. இன்னிக்கு இந்த வூட்ல எல்லாரும் இதச் சாப்புடணும். அவ்ளோதான் எனக்கு வேணும். ஆனா மாமா சாப்புட மாட்டாரு. நானும் கேக்க மாட்டேன்."

காரணத்தை முருகேசனே என்னிடம் சொன்னார். மோட்டார் கொட்டகை ஓரம் மண்வெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். "அந்தப் பொண்ணு ஆக்குறது எல்லாம் தின்றேன். கறியில தயிர ஊத்துறது மட்டும் தொண்டைல எறங்காதும்மா. ரெண்டும் சேந்தா தோல் நோவு வரும்னு எங்கப்பா சொல்லுவாரு." எங்கள் வீட்டிலும் அப்படித்தான் சொல்வார்கள். மீராவுக்காகப் பரிந்து பேச வாய்வரை வந்தது. வந்த இடத்தில் நாட்டாமை எதற்கு என்று அடக்கிக்கொண்டேன். ஆனால் மனசு அடங்கவில்லை. அவர் மேல் கோபம்தான்.

12.45க்கு ஃப்லி இறங்கியது. ஒன்றேகாலுக்குத் தாவே கோஸி. மீரா நான்கு தட்டு வைத்தாள். நான், செல்வம், அவள். நான்காவது தட்டைப் பார்க்காத மாதிரி இருந்தோம். மூடி மூடியபடியே இருந்தது. ஒன்றரை மணி ஆயிற்று.

முருகேசன் வந்தார். குளித்து, வேட்டி மாற்றி, தலை ஈரம் சொட்ட, கையில் ஒரு தலைவாழை இலையும் கற்பூரமும்.

"யம்மா, உங்கம்மா போட்டோ இருக்குதா?"

மீரா ஃபோனை எடுத்து நீட்டினாள். அவர் அதைக் கிழக்குச் சுவரோரம் ஒரு சொம்பில் சாய்த்து வைத்தார். எதிரில் இலையைப் போட்டார். "அவங்க வழக்கம் இன்னான்னு எனக்குத் தெரியாது. நம்ம வூட்ல வருசம் திரும்புனா படைப்போம். அவங்களுக்கு இன்னா புடிக்கும்?"

மீரா தாவே கோஸியைக் காட்டினாள்.

"அப்ப அதத்தான் மொதல்ல வைக்கணும்."

மூடியை அவரே திறந்து, கரண்டியால் வெட்டி எடுத்து இலையில் வைத்தார். ஃப்லியும் ஒரு துண்டு. கற்பூரம் ஏற்றும்போது ஃபோன் வெளிச்சம் மங்கிவிட்டது. "அணையவுடாதடா" என்றார். செல்வம் மண்டி போட்டு உட்கார்ந்து, திரை மங்க மங்க விரலால் தட்டிக்கொண்டே இருந்தார். தலையில் துணி கட்டி, வெயிலுக்குக் கண் சுருக்கிச் சிரித்த ஒரு அம்மா. நானும் கும்பிட்டேன். ஏன் அழுதேன் என்று கேட்காதீர்கள், அழுதேன்.

படைத்த இலையில் உள்ளதை வீட்டில் மூத்தவர் சாப்பிட வேண்டும். அவர் அந்த இலை முன்னாலேயே உட்கார்ந்தார். நாங்கள் மூன்று பேரும் அவர் கையையே பார்த்தோம். முதல் வாயைக் கொஞ்சம் கண்ணை மூடிக்கொண்டுதான் விழுங்கினார். அப்புறம் மெதுவாகச் சாப்பிட்டார்.

"சம்பந்தியம்மாவுக்குப் புளிப்பு புடிக்கும்போல" என்றார்.

"ஆமா மாமா" என்றாள் மீரா.

கடைசியில் எப்போதும் வைக்கும் மிச்சத்தை அவர் வைக்கவில்லை. இலையை விரலால் வழித்து, ஒரு பருக்கை இல்லாமல் துடைத்துவிட்டு, கையை எடுக்காமல் மருமகளை நிமிர்ந்து பார்த்தார். மீரா கரண்டியை எடுத்தாள். அவசரமாக அள்ளி வைத்ததில் பாதி இலையிலும் பாதி தரையிலும் விழுந்தது. அதையும் சாப்பிட்டார்.

எங்களுக்கும் வந்தது. மேலே பொன்னிறத் தோல், உள்ளே கட்டியாக உறைந்த புளிப்பு, அதற்கடியில் கரையும் கறி. மோர்க்குழம்புக்கும் கறிக்குழம்புக்கும் பிறந்த பிள்ளை என்று சொல்லலாம். ஃப்லியைத் தேன் தொட்டுக் கையால் பிய்த்துச் சாப்பிட வேண்டும். ஆட்டோக்காரர் சொன்ன மாதிரி குழம்பு இல்லைதான். நான் தேடவும் இல்லை.

மூன்றரைக்குச் செல்வம் வண்டியில் எட்டு கிலோமீட்டர் தள்ளிப் பாகூர் ஏரிக்கரையில் இறக்கிவிட்டார். கரைமேல் உட்கார்ந்து தண்ணீரில் நாரை நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அல்பேனியாவை மறந்துவிட்டேன் என்று பொய் சொல்ல மாட்டேன், விசாவுக்கு மறுபடியும் போடுவேன். ஆனால் அவசரம் போய்விட்டது. 5.20 பஸ்ஸில் கடலூர் போய் அங்கிருந்து ஊர் திரும்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: ஞாயிறு மட்டும், இரண்டு வாரம் முன்பே சொல்ல வேண்டும். கறிச் சாப்பாடு ஆளுக்கு எழுநூறு, சைவம் நானூற்றைம்பது. காலை ஒன்பதுக்குள் போங்கள், ஃப்லி செய்வதைப் பார்க்காமல் அதைச் சாப்பிடுவதில் பாதி ருசிதான் இருக்கிறது. தட்டில் ஒரு வாய் மிச்சம் வையுங்கள். திரும்பி வர ஆட்டோவை முன்பே சொல்லிவையுங்கள், மதியத்துக்கு மேல் கிடைப்பது கஷ்டம்.

மாசியில் ஒரு நாள் மட்டும் கேட்காதீர்கள், இல்லை என்றுதான் சொல்வார்கள். நான் கிளம்பும்போது முருகேசன் வாசல்வரை வந்து, ரொம்பத் தயங்கிச் சொன்னார். "கோச்சிக்காதம்மா. அடுத்த வருசத்துலேருந்து இந்த நாள்ல வெளியாள் வேணாம்னு சொல்லிட்டேன். சம்பந்தியம்மா வருவாங்க இல்ல."