மாமாவுக்குச் சாம்பல்

எங்கள் மாமாவுக்காக ஒருவரும் ஒழுங்காக அழவில்லை என்று எனக்குப் பெரிய கோபம். அப்போது எனக்கு ஒன்பது வயது. அவர் அம்மாவின் ஒரே தம்பி. கொழும்பு கொட்டாஞ்சேனையில் எங்களோடு அந்த இரண்டறை பிளாட்டிலேயே இருந்தவர். எனக்கு மாமா என்றால் உயிர். இப்போது ஹோலில் சவப்பெட்டிக்குள் கிடந்தார். பெரியம்மாவோ வந்ததும் வராததுமாக, "ஒப்பாரி கிப்பாரி ஒண்டும் வேண்டாம், நாங்கள் வேதக்காரர்" என்று சொல்லிவிட்டார். அம்மாவும் வந்தவர்களுக்குப் பிளேன்ரீ ஊற்றிக்கொண்டு நின்றார்.

எனக்குத் தெரிந்த வேதத்தில் அப்படியில்லை. மகன் செத்துப்போனான் என்று கேட்ட யாக்கோபு உடுப்பைக் கிழித்தார், இரட்டு உடுத்தார். வேறு சிலர் தலையில் சாம்பலைப் போட்டுக்கொண்டு நிலத்தில் இருந்தார்கள். இரட்டு என்றால் சாக்கு என்று ஞாயிறு பாடசாலை ரீச்சர் சொல்லித் தந்திருந்தார். அம்மா செய்யாவிட்டால் நான் செய்வேன் என்று குசினிக்குப் போனேன். எங்கள் வீட்டு அரிசி பிளாஸ்ரிக் பையில் வருவது; அடுப்போ காஸ் அடுப்பு. சாம்பலுக்கு எங்கே போவது?

பக்கத்து வீட்டு அன்ரியிடம் போய், மாமாவுக்குக் கொஞ்சம் சாம்பல் வேண்டும் என்றேன். அவர் யாழ்ப்பாணத்துச் சைவக்காரி.

"சாம்பல் எண்டு சொல்லாதை பிள்ளை, திருநீறு எண்டு சொல்லு" என்று கண் கலங்க ஒரு பொட்டலம் தந்தார். நல்ல வாசம்.

படிக்கட்டில் நின்று முழுவதையும் தலையில் கொட்டினேன். நத்தார் பண்டிகைக்கு மாமா வாங்கித் தந்த வெள்ளைச் சட்டையைக் கழுத்திலிருந்து கிழித்தேன். அப்படியே போய்ப் பெட்டிக்கு முன்னால் நிலத்தில் இருந்தேன்.

"ஐயோ, ஆர் இவளுக்கு விபூதி பூசினது?" என்று பெரியம்மா எழும்பினார். பாதிரியார் வருகிற நேரம் வேறு.

அம்மா என் கையைப் பிடித்து அறைக்குள் கூட்டிப் போனார். அடி நிச்சயம் என்று நினைத்தேன். அவர் என் தலையைத் துடைத்தார், சட்டையைக் கழற்றினார், ஊசிப் பெட்டியை எடுத்துக்கொண்டு வெறும் நிலத்தில் இருந்துவிட்டார்.

"மாமா வாங்கித் தந்ததெல்லோ?" என்று மட்டும் கேட்டார்.

"ஓம்" என்றேன்.

நூல் ஊசிக்குள் போகவில்லை. நாலைந்து தரம் முயன்று பார்த்தார். அம்மாவுக்கு வயது போய்விட்டது, கண் மங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, "தாங்கோ அம்மா" என்று வாங்கி நானே கோத்துக் கொடுத்தேன்.

அம்மாவுக்கு அப்போது முப்பத்தொரு வயது.